கப்பல் போன பிறகு என்ன வழி: 2024 சாவோ தோமே நிகழ்வும் துறைமுகங்களைத் தனியே சுற்றுவோரும்

2024 மார்ச் 27 அன்று, மேற்கு ஆப்பிரிக்காவின் கினி வளைகுடாவில் உள்ள சாவோ தோமே தீவுக்கு வெளியே நங்கூரமிட்டிருந்த ‘நார்வீஜியன் டான்’ என்னும் பயணிகள் கப்பல், எட்டுப் பயணிகளைக் கரையிலேயே விட்டுவிட்டுப் புறப்பட்டது. அவர்களில் ஆறு பேர் அமெரிக்கர்கள், இருவர் ஆஸ்திரேலியர்கள். கப்பல் நிறுவனம் நடத்தும் கரைச் சுற்றுலாவில் சேராமல், உள்ளூர்க்காரர் ஒருவர் மூலம் தாங்களே ஏற்பாடு செய்துகொண்ட சுற்றுலாவில் தீவைப் பார்க்கச் சென்றிருந்த அந்தக் குழு, குறித்த நேரத்துக்குள் திரும்பவில்லை. அடுத்த சில நாட்களுக்கு அவர்கள் கப்பலைத் துரத்திக்கொண்டு ஆப்பிரிக்காவின் மேற்குக் கரை நெடுக அலைந்த செய்தி உலகெங்கும் பரவியது. படித்தவர்களில் பெரும்பாலோர் “இதற்குத்தான் கப்பல்காரன் தரும் சுற்றுலாவிலேயே போக வேண்டும்” என்ற முடிவுக்கு வந்தார்கள். அந்த முடிவு தவறு என்பதும், அந்த எட்டுப் பேருக்கு நேர்ந்தது தனியே போனதால் நேர்ந்தது அல்ல, எந்தத் துறையில் எவ்வளவு துணியலாம் என்று கணக்கிடாததால் நேர்ந்தது என்பதும் இந்தக் கட்டுரையின் நிலைப்பாடு.

நடந்தது

அந்தக் கப்பல் மார்ச் 20 அன்று கேப் டவுனிலிருந்து கிளம்பி, 21 நாட்களில் பார்சலோனாவை அடைய வேண்டும் என்பது பயண நிரல். இடையில் வரும் துறைகளில் ஒன்று சாவோ தோமே. இரண்டு பெரிய தீவுகளும் சில திட்டுகளும் சேர்ந்து, இந்தத் தீவையும் உள்ளடக்கிய சாவோ தோமே - பிரின்சிப்பி என்னும் நாடு 1975 வரை போர்ச்சுகலின் ஆட்சியில் இருந்தது. நிலநடுக்கோடு அதன் தென்கோடியில் உள்ள சிறு தீவு ஒன்றின் குறுக்கே செல்கிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகின் கொக்கோ விளைச்சலில் முன்னணியில் நின்ற மண் அது. ‘ரோசா’ எனப்படும் அந்தக் காலத்துத் தோட்டங்களும், அடர்ந்த காடும், ஊசிபோல் நிமிர்ந்து நிற்கும் எரிமலைப் பாறையும் தீவின் உட்பகுதியில்தான் இருக்கின்றன. துறைமுக நகரை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினால் தீவைப் பார்த்ததாகாது. ஆகவே அந்தப் பயணிகள் உள்ளே போக ஆசைப்பட்டதில் குறை காண எதுவும் இல்லை.

கப்பலின் கணக்கில், எல்லோரும் ஏறியிருக்க வேண்டிய கடைசி நேரம் பிற்பகல் 3 மணி. பெரிய கப்பல்கள் அங்கே கரையோடு ஒட்டி நிற்பதில்லை; வெளியே நங்கூரமிட்டு நிற்க, ‘டெண்டர்’ எனப்படும் சிறு படகுகள் பயணிகளைக் கரைக்கும் கப்பலுக்குமாக ஏற்றி இறக்கும். சுற்றுலாக் குழு துறைக்கு வந்துசேர்ந்தபோது படகுகள் ஓய்ந்துவிட்டன. கப்பல் மட்டும் இன்னும் கண்ணுக்கெட்டும் தொலைவில் நின்றிருந்தது. தீவின் கடலோரக் காவல்படை அவர்களைத் தன் படகில் ஏற்றிக் கப்பலின் அருகே வரை கொண்டுபோயும், மாலுமித் தலைவர் அவர்களை ஏற்றிக்கொள்ள அனுமதிக்கவில்லை. துறைமுக அதிகாரியின் அழைப்பைக் கப்பல் ஏற்கவில்லை என்றும், நிறுவனத்தின் அவசரத் தொலைபேசி எண்ணில் பேசியபோது கப்பலுக்கு மின்னஞ்சல் அனுப்புவதைத் தவிர வேறு வழியில்லை என்று பதில் வந்தது என்றும் பயணிகளில் ஒருவர் பின்னர் ஊடகங்களிடம் கூறினார். நிறுவனமோ, திரும்பும் நேரம் ஒலிபெருக்கியிலும், அன்றாட நிகழ்ச்சித் தாளிலும், கப்பலை விட்டு இறங்கும் வாயிலிலும் அறிவிக்கப்பட்டதாகவும், அதற்குள் திரும்புவது பயணியின் பொறுப்பு என்றும் அறிக்கை வெளியிட்டது.

கப்பல் ஊழியர்கள் அந்த எட்டுப் பேரின் கடவுச்சீட்டுகளை எடுத்து, கப்பல் நிறுவனத்தின் சார்பில் கரையில் வேலைகளைக் கவனிக்கும் துறைமுக முகவரிடம் ஒப்படைத்திருந்தார்கள். இது கப்பல் நிறுவனங்கள் பொதுவாகக் கடைப்பிடிக்கும் நடைமுறைதான்; ஆனால் அன்றாடம் சாப்பிட வேண்டிய மருந்து, மாற்றுத்துணி, பணம் எல்லாம் கேபினிலேயே போய்விட்டன. குழுவில் ஒரு கர்ப்பிணி இருந்தார். நடக்க இயலாத ஒருவர் இருந்தார். இதய நோயுள்ள முதியவரும் இருந்தார். அமெரிக்கத் தூதரகம் இல்லாத நாடு அது. பெரும்பாலோரின் வங்கி அட்டைகள் அங்கே செல்லவில்லை. ஒரு தம்பதியின் ‘விசா’ வங்கி அட்டை மட்டும் வேலை செய்ததால், எட்டுப் பேருக்குமான அறை, உணவுச் செலவை அவர்களே ஏற்க நேர்ந்தது என்று செய்திகள் தெரிவித்தன. அதே நாளில் அதே தீவில் உடல்நலக் குறைவால் கப்பலிலிருந்து பிரிக்கப்பட்ட 80 வயது அமெரிக்கப் பெண்மணி ஒருவர் வீடு திரும்பவும் அந்தத் தம்பதி உதவினார்கள். இந்தப் பெண்மணியின் நிலை தனியாகக் கவனிக்கத்தக்கது. அவர் நேரம் தவறியவர் அல்லர். ஆயினும் அவரும் அந்தத் தீவில்தான் நின்றார்.

கப்பலின் அடுத்த துறை காம்பியாவின் பாஞ்சுல். சென்றடையும் நாள் மார்ச் 31. நான்கு நாள் இடைவெளி தாராளம் என்றே எவருக்கும் தோன்றும். ஆனால் அந்தத் தீவிலிருந்து நேராகப் பாஞ்சுலுக்குப் போக வழியில்லை. நாடு நாடாக மாறி, பல நாடுகள் வழியே சுற்றி அவர்கள் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். போய்ச் சேர்ந்தபோது கப்பல் வரவில்லை. வானிலையும் கடல் நிலையும் ஒத்துவராததால் அது காம்பியாவில் நிற்காமலேயே செனகலை நோக்கிச் சென்றுவிட்டது. ஆகவே அங்கிருந்து தரைவழியாகச் செனகலின் தலைநகர் டாக்கருக்குப் பயணம் செய்து, ஏப்ரல் 2 அன்று கப்பலை எட்டினார்கள். பாஞ்சுலிலிருந்து டாக்கர் வரையிலான செலவை மட்டும் நிறுவனம் திருப்பித் தருவதாக அறிவித்தது; காம்பியாவைத் தவறவிட்டது கப்பல்தான் என்பதால் அந்தப் பகுதிக்கு மட்டும் பொறுப்பேற்றது.

மாலுமித் தலைவர் செய்தது சரியா

கப்பல் அங்கேயே நிற்க, பயணிகள் படகில் அருகே வந்துவிட்ட நிலையில், ஏற்றிக்கொள்வதில் என்ன கஷ்டம் என்று கேட்பது இயல்பு. அதற்குக் காரணங்கள் உண்டு. ஒரு துறையிலிருந்து புறப்படும் முன் கப்பல், உள்ளே இருப்பவர்களின் பட்டியலைக் குடிவரவு, சுங்க அதிகாரிகளிடம் ஒப்படைத்துப் புறப்பாட்டு அனுமதி பெறுகிறது. அந்தப் பட்டியல் மூடப்பட்ட பிறகு ஆள் ஏறினால் காகிதங்களை மறுபடியும் திறக்க வேண்டும். டெண்டர் படகுகளைக் கப்பலுக்குள் தூக்கி, பக்கவாட்டுக் கதவை அடைத்து, நங்கூரம் எடுக்கத் தயாரான நிலையில், அன்னியப் படகு ஒன்றிலிருந்து நடக்க இயலாத ஒருவரையும் கர்ப்பிணி ஒருவரையும் அலைமேட்டில் கைமாற்றி ஏற்றுவது சிறு காரியம் அன்று. அடுத்த துறையில் நிற்குமிடமும் வழிகாட்டி மாலுமியும் குறித்த மணிக்கென்று ஒதுக்கப்பட்டிருப்பதால், இங்கே இழக்கும் நேரத்தைக் கடலில் வேகம் கூட்டித்தான் ஈடுகட்ட வேண்டும். அதற்கு எரிபொருள் எரியும்.

இத்தனையும் ஏற்றுக்கொண்டாலும், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரை ஏற்றிச் செல்லும் ஒரு நிறுவனம், தன் கரைப்பணியாளர்களால் கப்பலோடு பேச முடியவில்லை என்ற பதிலை அவசர எண்ணில் சொல்லும் நிலையில் இருந்திருக்கக் கூடாது. குழுவில் எப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள் என்பது கப்பலின் பயணிகள் பதிவேட்டிலேயே இருந்தது. அவர்களைக் கப்பலில் ஏற்ற முடியாவிட்டாலும், தங்குமிடத்துக்கும் மருந்துக்கும் முகவர் மூலம் அன்றைக்கே ஏற்பாடு செய்ய முடிந்திருக்கும். நேரம் தவறியது பயணிகளின் பிழை; அதன் பிறகு அவர்களை முகவரின் கையில் கடவுச்சீட்டோடு மட்டும் விட்டது நிறுவனத்தின் குறை. இரண்டையும் ஒன்றோடொன்று கழித்து ஒரு தரப்பைக் குற்றமற்றதாக்க என்னால் முடியவில்லை.

கப்பல் நிறுவனமே நடத்தும் சுற்றுலா தாமதமானால் கப்பல் காத்திருக்கும். காத்திருக்க முடியாத நிலையிலும் அடுத்த துறைக்கு அனுப்பும் செலவு நிறுவனத்துடையது. தனியே செல்பவருக்கு இந்த இரண்டும் கிடையாது. கப்பல் சுற்றுலாவின் கூடுதல் விலையில் ஒரு பகுதி இந்தப் பாதுகாப்புக்கான விலை என்றே கொள்ளலாம். கேட்க வேண்டிய கேள்வி, அந்தப் பாதுகாப்பு எந்தத் துறையில் அவ்வளவு விலை பெறும் என்பதுதான்.

துறையை அளக்கும் முறை

தனியே சுற்றத் திட்டமிடுவோர் பொதுவாகப் பார்க்க வேண்டிய இடத்துக்குப் போகவர எத்தனை மணி நேரம் என்று கணக்கிட்டு, அதில் ஒரு மணி நேரத்தைக் கையிருப்பாக வைத்துக்கொள்கிறார்கள். இந்தக் கணக்கு எல்லாத் துறைக்கும் ஒன்றுபோல் பொருந்தாது. எனக்குச் சரியாகப் படும் அளவுகோல் வேறு: கப்பல் போய்விட்டால் அடுத்த துறையை எப்படி, எத்தனை நாளில், யார் அனுமதியோடு எட்டுவேன் என்ற கேள்விக்கு எளிதான விடை இருக்கும் துறையில் தாராளமாகச் சுற்றலாம், விடை கடினமாகும் அளவுக்குக் கையிருப்பு நேரத்தை ஏற்றிக்கொண்டே போக வேண்டும், விடையே இல்லாத துறையில் கப்பலின் சுற்றுலாவுக்குப் பணம் கட்டிவிடுவது மேல், அல்லது துறைமுக ஊரோடு நின்றுகொள்ள வேண்டும்.

சாவோ தோமேவை இந்த அளவுகோலில் வைத்தால் எல்லாமே பாதகமாக இருக்கின்றன. தீவு, விமானங்கள் குறைவு, அடுத்த துறை வேறு நாட்டில், அதற்கு நேர்வழி இல்லை, கரையிலிருந்து கப்பலுக்குப் படகில்தான் போக வேண்டும், ஆகவே உண்மையான கடைசி நேரம் கப்பல் புறப்படும் நேரமன்று, கடைசிப் படகு கிளம்பும் நேரம், மதியத்துக்குச் சற்றுப் பிறகே நாள் முடிந்துவிடுகிறது. இப்படிப்பட்ட இடத்தில் தீவின் உட்பகுதிக்குப் போகும் நாள்முழுச் சுற்றுலாவில் அரை மணி, ஒரு மணி கையிருப்பு என்பது இல்லாததற்குச் சமம். காலையிலேயே போய், மதியத்துக்கு முன் ஊருக்குத் திரும்பி, மிச்ச நேரத்தை 16ஆம் நூற்றாண்டின் சாவோ செபாஸ்தியாவ் கோட்டையிலும் கடற்கரைச் சாலையிலும் கழித்திருந்தால், அதே தீவை அதே செலவில் பார்த்திருக்கலாம். தொலைவிடம் முதலில், அருகிடம் பிறகு என்ற இந்த ஒழுங்கு, தனியே சுற்றுவதில் நான் அறிந்த விதிகளிலெல்லாம் மிகப் பயன் தருவது. பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். இறங்கியவுடன் துறைமுகக் கடைத்தெருவில் நின்றுவிட்டு, பத்தரை மணிக்குமேல் வண்டி பிடிக்கிறார்கள்.

எதிர்முனையில் நிற்பது மலேசியாவின் பினாங்கு. சிங்கப்பூரிலிருந்து புறப்படும் குறுகிய கடற்பயணங்களில் நம்மவர்கள் மிகுதியாகப் போகும் துறை இது என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். கப்பல் நிற்கும் சுவெட்டன்ஹாம் துறை, பினாங்கின் தலைநகர் ஜார்ஜ் டவுனின் வாசற்படியிலேயே இருக்கிறது. வாயிலை விட்டு வெளியே வந்ததும் எதிரே தெரிவது விக்டோரியா அரசியின் 60 ஆண்டு ஆட்சியை நினைத்து 60 அடி உயரத்தில் எழுப்பிய மணிக்கூண்டு. அதையடுத்து கார்ன்வாலிஸ் கோட்டை. அங்கிருந்து நடையில் பத்துப் பதினைந்து நிமிடத்தில் குயின் தெருவுக்குப் போய்விடலாம். 1833இல் எழுந்த மகா மாரியம்மன் கோயில் அங்கே இருக்கிறது. கோபுரத்தின் பின்பக்கத் தெருக்களில் பூக்கடையும் பாத்திரக்கடையும் புடவைக்கடையும் வரிசையாக நிற்க, ஒலிபெருக்கியில் தமிழ்ப் பாட்டு தெருமுழுக்கக் கேட்கும். அதற்கு ஒரு தெரு தள்ளி, தென்னிந்திய முஸ்லிம் வணிகர்கள் கட்டிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். சற்றுத் தள்ளிச் சீனக் குல மன்றங்கள். மலாக்காவோடு சேர்த்து 2008இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்ற இந்த நகரின் மையப்பகுதியைப் பார்க்க வண்டியே வேண்டாம். இதற்கு ஆளுக்கு இவ்வளவு வெள்ளி என்று கட்டிப் பேருந்தில் உட்கார்ந்து, நாற்பது பேர் ஏறி இறங்கும் நேரத்தைப் பொறுத்துக்கொண்டு, மூன்று இடம் பார்த்துவிட்டுத் திரும்புவது வீண். கப்பல் தவறினாலும் பாயான் லெப்பாஸ் விமான நிலையத்திலிருந்து சிங்கப்பூருக்கு நாள்தோறும் விமானங்கள் உண்டு. இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு 2023 டிசம்பர் முதல் மலேசியா விசா விலக்கு அளித்து வருவதால் காகிதச் சிக்கலும் குறைவு. அங்கும் ஒரு எச்சரிக்கை உண்டு: பினாங்குக் குன்றுக்கு ஏறும் கம்பிவட ரயிலில் விடுமுறை நாட்களில் வரிசை நீளும். மேலே போகும் வரிசையைப் பார்த்துக் கணக்கிடுபவர்கள், கீழே இறங்கவும் அதே வரிசையில் நிற்க வேண்டும் என்பதை மறந்துவிடுகிறார்கள். குன்றுக்குப் போவதானால் இறங்கிய கையோடு போய்விட வேண்டும்.

அதே மலேசியாவில் கிள்ளான் துறைமுகம் வேறு கதை. பயண நிரலில் ‘கோலாலம்பூர் (போர்ட் கிள்ளான்)’ என்று அச்சிட்டிருப்பார்கள்; வரைபடத்தில் பார்த்தால் அந்தப் பெயரிலேயே கோலாலம்பூர் வரை போகும் கொம்யூட்டர் ரயிலுக்கு நிலையமும் இருக்கும். ஆனால் பயணிகள் கப்பல் நிற்பது பூலாவ் இந்தா என்னும் தீவில். ரயில் நிலையமோ வேறு பக்கம். நடந்துபோக முடியாது, வண்டி வைத்தே ஆக வேண்டும். மாலை நேரத்துக் கூட்டரசு நெடுஞ்சாலையின் நெரிசல் தெரிந்தவர்கள் அந்தத் துறையில் இரட்டைக் கோபுரத்தைப் பார்க்க ஆசைப்படுவதற்கு முன் ஒருமுறைக்கு இருமுறை யோசிப்பார்கள். தாய்லாந்தின் லேம் சபாங் துறையிலிருந்து பாங்காக்கும், இத்தாலியின் சிவித்தாவெக்கியாவிலிருந்து ரோமும் இந்த வகையே. பின்னதில் நல்ல ரயில் வசதி உண்டு. ஒன்றேகால் மணிக்குள் ரோமை எட்டலாம். ஆனால் கப்பலிலிருந்து துறைமுக வாயிலுக்கு ஒரு பேருந்து, அங்கிருந்து ரயில் நிலையத்துக்கு இன்னொரு போக்கு என்று முன்னும் பின்னும் நேரம் கரையும். இத்தாலியில் முன்கூட்டியே அறிவிக்கப்படும் ரயில் வேலைநிறுத்த நாட்களைப் பார்க்காமல் கிளம்பவே கூடாது.

கரையிலிருந்து படகேறிப் போகும் துறைகளில் தொலைவு குறைவாக இருந்தும் ஆபத்து குறைவதில்லை. கிரேக்கத்தின் சாண்டோரினியில் ஊர் இருப்பது செங்குத்தான பாறை உச்சியில். கீழே உள்ள பழைய துறைக்கு இறங்க ஒன்று கம்பிவடப் பெட்டி, இல்லையேல் சுமார் 600 படிகள். நான்கைந்து கப்பல்கள் ஒரே நாளில் நிற்கும்போது பிற்பகலில் கம்பிவடத்துக்கான வரிசை தெருவுக்குள் வளையும். ஊர் கைக்கெட்டும் உயரத்தில் இருக்க, கப்பல் காலடியில் தெரிய, நடுவில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் நிற்க வேண்டியிருக்கும். தெரிந்தவர்கள் பிற்பகலின் முற்பகுதியிலேயே வரிசையில் நின்றுவிடுகிறார்கள், அல்லது முழங்கால் ஒத்துழைத்தால் படியிறங்கிவிடுகிறார்கள்.

இலங்கையின் வடக்கே காங்கேசன்துறைக்கு 2023 ஜூனில் சென்னையிலிருந்து ‘எம்பிரஸ்’ பயணிகள் கப்பல் வந்தபோது, நமக்குப் பக்கத்திலேயே இந்தக் கணக்கைப் போட்டுப்பார்க்க வாய்ப்புக் கிடைத்தது. கீரிமலைக் கேணியும் நகுலேசுவரம் கோயிலும் துறைக்கு வெகு அருகில். மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் அதைவிட உள்ளே. நல்லூரும் யாழ்ப்பாண நகரமும் சுமார் 18 கிலோமீட்டர். அரை நாள் கிடைத்தால் முதலில் நல்லூருக்குப் போய்விட்டு, திரும்பும் வழியில் மாவிட்டபுரம், கடைசியாகக் கீரிமலை என்று துறையை நோக்கி வருவதே சரியான வரிசை. கீரிமலையில் கடலை ஒட்டியே நன்னீர்க் கேணி இருப்பதைப் பார்த்தவர்கள் அங்கிருந்து எளிதில் எழுந்துவர மாட்டார்கள். எழுந்துவரத் தாமதமானாலும் கப்பல் பக்கத்திலேயே நிற்கும். அதே பகுதியில் பலாலி விமான நிலையம் இருப்பதும், நாகப்பட்டினத்துக்கு 2023 அக்டோபரில் தொடங்கி, இடைநின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடத் தொடங்கிய பயணிகள் படகுச் சேவையும் மாற்றுவழிகள். வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் அந்தப் படகை நம்ப முடியாது என்பதையும் சேர்த்துக் கொள்ள வேண்டும்.

கடிகாரமும் காகிதமும்

தூரமும் நெரிசலும் கண்ணுக்குத் தெரிந்த ஆபத்துகள். நேரம் தவறும் பயணிகளில் ஒரு பகுதியினர் நேரத்துக்கு வந்துவிட்டதாகவே நம்பிக்கொண்டு தவறுகிறார்கள். சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட் என்று போகும் பயணத்தை எடுத்துக்கொள்வோம். சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் ஒரே நேரம். தாய்லாந்து ஒரு மணி நேரம் பின்தங்கியது. கப்பல் சிங்கப்பூர் நேரத்தையே வைத்துக்கொண்டிருந்தால், புக்கெட்டின் பட்டோங் கடற்கரையில் இறங்கிய உடனே கைப்பேசி தானாகத் தாய்லாந்து நேரத்துக்கு மாறிவிடும். கடைசிப் படகு மாலை 5.30 என்று தாளில் இருக்க, கைப்பேசியில் 4.30 என்று பார்த்துவிட்டு ஒருவர் இளநீர் குடித்துக்கொண்டிருந்தால், அந்தக் கணத்தில் கடைசிப் படகு கிளம்பிக்கொண்டிருக்கிறது. இதற்கு மாற்று எளிது: தானாக மாறாத ஒரு சாதாரணக் கைக்கடிகாரத்தைக் கப்பலில் ஏறிய நாளன்றே கப்பல் நேரத்துக்கு வைத்து, பயணம் முடியும்வரை அதைத் தொடாமல் இருப்பது; நேரம் மாற்றச் சொல்லிக் கப்பலே அறிவித்தால் மட்டும் மாற்றுவது. உள்ளூர் ஓட்டுநரிடம் நேரம் சொல்லும்போது எந்த நாட்டு நேரம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். “ஐந்து மணிக்குள் திரும்ப வேண்டும்” என்றால் அவர் தம் ஊர் ஐந்து மணியைத்தான் எடுத்துக்கொள்வார், அதில் அவர்மேல் தப்பில்லை.

காகிதத்துக்கு வருவோம். சாவோ தோமேயில் தவித்தவர்கள் அமெரிக்க, ஆஸ்திரேலியக் கடவுச்சீட்டுகளை வைத்திருந்தார்கள். பல நாடுகளில் விசா இல்லாமலோ எல்லையிலேயே பெற்றுக்கொண்டோ நுழைய அவர்களால் முடிந்தது. அதே இடத்தில் இந்திய அல்லது இலங்கைக் கடவுச்சீட்டோடு நிற்பவருக்கு அத்தனை நாடுகளைக் கடப்பது எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்த்தால், நமக்கு இந்த நிகழ்வு கற்பிப்பது அவர்களுக்குக் கற்பிப்பதைவிட மிகுதி என்பது விளங்கும். பல துறைகளில் கப்பல் பயணிக்குத் தரப்படும் நுழைவு அனுமதி, அந்தக் கப்பல் நிற்கும் நேரத்துக்கு மட்டுமே செல்லும். கப்பல் போய்விட்டால் அதே ஆள் விசா இல்லாதவராகிவிடுகிறார், விமானத்தில் ஏறவும் குடிவரவு அலுவலகத்தைப் பார்த்தாக வேண்டும்.

ஐரோப்பாவில் இந்தச் சிக்கல் இன்னும் நுட்பமானது. கிரேக்கத்தில் தொடங்கி, துருக்கியின் குஷாதாசியில் நின்று, மறுபடி கிரேக்கத் தீவு அல்லது குரோவேசியாவின் டுப்ரோவ்னிக்குக்கு வரும் பயணத்தில், பயணி ஷெங்கன் (ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டு) எல்லையை விட்டு வெளியேறி மீண்டும் நுழைகிறார். 2023 ஜனவரி 1 முதல் குரோவேசியாவும் ஷெங்கனுக்குள் வந்துவிட்டது. துருக்கியும் மொண்டெனேக்ரோவும் வெளியே. ஆகவே ஒருமுறை நுழைவு விசா போதாது. பலமுறை நுழைவு விசாவே கேட்டுப் பெற வேண்டும். கரையில் இறங்கப் போவதில்லை என்று எண்ணிக்கொண்டு துருக்கி விசாவை விட்டுவிடுவோர் உண்டு. கப்பல் நிறுவனங்கள் பலவும் இறங்குவதோ இறங்காததோ கணக்கில்லை, நிரலில் உள்ள எல்லா நாட்டுக்கும் விசா காட்டினால்தான் ஏற்றிக்கொள்கின்றன. இதை முன்பதிவின்போதே எழுத்தில் கேட்டு வாங்கிவிட வேண்டும்.

கரைக்கு இறங்கும்போது கடவுச்சீட்டின் மூலப்படியை எடுத்துப் போவதா, கேபினில் பூட்டிவிட்டுப் போவதா என்பதில் இரு கருத்து உண்டு. நெரிசலில் தொலைந்துபோகும் என்று அஞ்சுவோர் நகலோடு நிறுத்திக்கொள்கிறார்கள். சில பயணங்களில் கப்பலே கடவுச்சீட்டுகளை வாங்கி வைத்துக்கொள்வதால் தேர்வும் இல்லை. என் கருத்தில், நடையெட்டும் துறைகளில் நகல் போதும். ஐம்பது கிலோமீட்டர் தாண்டிப் போவதானால், கப்பல் அனுமதிக்கும் பட்சத்தில், மூலப்படியே உடையின் உள்பையில் இருக்க வேண்டும். அதோடு இரண்டு நாளைக்கான மருந்து, கண்ணாடி, பன்னாட்டு அட்டை ஒன்று, சிறிது டாலர் அல்லது யூரோ நோட்டு. சாவோ தோமேயில் எட்டுப் பேரில் பெரும்பாலோரின் அட்டை செல்லாமல் போனது நினைவில் இருந்தால், இந்தச் சுமையைச் சுமை என்று எவரும் சொல்ல மாட்டார்கள். பயணக் காப்பீடு பற்றியும் ஒரு சொல்: கப்பலேறும் ஊருக்குப் போகும் விமானம் தாமதமானதால் கப்பல் தவறினால் ஈடு தரும் பாலிசிகள் உண்டு, கரையில் சுற்றிக்கொண்டிருந்து நேரம் தவறினால் பெரும்பாலும் ஈடு கிடைக்காது. மருத்துவக் காரணத்தால் வழியில் இறக்கப்பட்டால் மருத்துவமனைச் செலவும் நாடு திரும்பும் செலவும் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்தே எடுக்க வேண்டும். அந்த 80 வயதுப் பெண்மணியின் நிலை எந்த வயதினருக்கும் வரலாம்.

தவறிவிட்டால்

கப்பலின் அன்றாட நிகழ்ச்சித் தாளில், பெரும்பாலும் கடைசிப் பக்கத்தின் அடியில், அன்றைய துறையின் முகவர் பெயரும் தொலைபேசி எண்ணும் அச்சாகியிருக்கும். இறங்கும் முன் அதைப் படம் பிடித்துக்கொள்வதோடு, இணையம் இல்லாத இடத்திலும் கையில் இருக்கும்படி ஒரு தாளில் எழுதிக்கொள்வது நல்லது. நேரம் தவறப்போகிறது என்று தெரிந்த கணத்திலேயே, வண்டியில் இருக்கும்போதே, அந்த எண்ணுக்குப் பேசிவிட வேண்டும். பட்டியல் மூடப்படுவதற்கு முன் கப்பலுக்குப் போய்ச்சேரும் ஒரு செய்தி, மூடிய பிறகு கரையில் நின்று கையசைப்பதைவிடப் பன்மடங்கு வலியது. கப்பல் போய்விட்டது உறுதியானால், விமான நிலையத்துக்கு ஓடாமல் முதலில் துறைமுகத்துக்கே போக வேண்டும். கடவுச்சீட்டு கப்பலில் இருந்திருந்தால் முகவரிடம்தான் இருக்கும், குடிவரவு அலுவலகத்துக்கு அழைத்துச் செல்பவரும் அவரே. அடுத்ததாக, கப்பலின் அடுத்த துறைக்கு மட்டுமல்லாமல் அதற்கடுத்த துறைக்கும் வழியைப் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். வானிலை காரணமாகக் கப்பல் ஒரு துறையைத் தாண்டிப் போவது சாதாரணம். டெண்டர் படகில் இறக்கும் துறையாக இருந்தால் அதற்கான வாய்ப்பு இன்னும் கூடுதல். பாஞ்சுலில் அந்த எட்டுப் பேருக்கு நேர்ந்தது, கப்பல் இப்படித் துறையைத் தாண்டிப் போனதுதான். அடுத்த துறை ஒரே நாள் தள்ளி, படகில் இறங்கும் இடமாக இருந்து, அதற்கடுத்தது கப்பல் கரையோடு கட்டி நிற்கும் பெரிய துறைமுகமாக இருந்தால், முன்னதைத் துரத்தாமல் பின்னதற்கே நேராகப் பயணச்சீட்டு வாங்கிவிட்டு, அந்த முடிவை முகவர் மூலம் கப்பலுக்குத் தெரிவித்துவிடுவது செலவிலும் அலைச்சலிலும் குறைவு.